கர்ப்பப்பை அறுவையும் கைக்கு வராத கேஸ் ஷீட்டும்

போன மாதம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு மருமகள் ஸ்கேன் கவரும் கையுமாக வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். 38 வயது, இரண்டு பிள்ளைகள். மாதம் பத்து நாள் போகிறதாம். ஃபைப்ராய்டு கட்டி என்று சொன்ன டாக்டர், "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கும் எடுத்தாங்கன்னு அத்தை சொன்னாங்கம்மா. பயப்பட ஒண்ணும் இல்லையே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒன்றும் இல்லை என்றால் அது பொய். பயப்படு என்றால் அதுவும் சரியில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் நாலைந்து பேருக்கு அதே அறுவை நடந்து, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். "நாளைக்கு வாம்மா, விவரமாச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். மூன்று சாயங்காலம் அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 75 வயதில் இதை எழுத என்ன வெட்கம்? 41 வயதில் பட்ட வெட்கமே போதும்.

1991-ல் எனக்கும் இதே கட்டிதான். ரத்தப் போக்கில் உடம்பு வெளுத்து, ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் அறுவை நடந்தது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பதினோராம் நாள் விடியற்காலை படுக்கை நனைந்திருந்தது. அசதியில் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். எழுந்து நின்றால் காலோடு இறங்கியது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அடக்குவதற்கான வழியாக அது வரவேயில்லை.

போன் செய்தால், "உள்ளே புண் ஆறும்போது நீர் வரும், சரியாயிடும்" என்றார்கள். நேரில் போனபோதும் அதே பதில். பழைய நூல்புடவைகளைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். மெடிக்கல் லீவு தீர்ந்து வேலைக்குப் போனபோது, கோப்புக் கட்டுகள் அடுக்கிய மூலையில், ஜன்னலோரத்து மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி இரண்டு நாள் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாடை எனக்கே தெரிந்தது.

ஏன் அந்த இடத்தில் இப்படி நேர்கிறது? பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. கருப்பைக்கு முன்புறம் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருப்பையை எடுக்க வேண்டுமானால் முதலில் சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே தள்ள வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அது தழும்போடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு பக்கமும் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாய்கள், கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அடியில், கருப்பையின் கழுத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஓடுகின்றன. பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். தமனியைக் கட்ட வேண்டும், அடியில் ஓடும் குழாயைத் தொடக்கூடாது. வெட்டியது உடனே தெரிந்துவிட்டால் அங்கேயே தைத்துவிடலாம். ஆனால் ஒரு தையல் தவறிச் சிறுநீர்ப்பையின் ஓரத்தைப் பிடித்துவிட்டாலோ, கொஞ்சம் நசுங்கினாலோ அன்றைக்குத் தெரியாது. அந்தச் சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் சதை செத்து, ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டை விழும். அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகு கசிகிறது. இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர்.

இந்த அறுவையின் பழைய வரலாற்றைப் படித்தால், இன்று ஒரு வாரத்தில் வீடு திரும்புகிறோமே என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். 1813-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் ஊரில் லாங்கன்பெக் என்ற சர்ஜன், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், புற்று என்று கருதி ஒரு பெண்ணின் கருப்பையைக் கீழ்வழியாக எடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சக மருத்துவர்கள் யாரும் நம்பவில்லை. உதவிக்கு இருந்தவர் சீக்கிரமே இறந்துபோனார், எடுத்த உறுப்பும் காணாமல் போனது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் வயதாகி இறந்த பிறகு, உடலைத் திறந்து பார்த்தபோதுதான் சர்ஜன் சொன்னது உண்மை என்று உறுதியானது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவணம் இல்லாவிட்டால் சர்ஜன் பேச்சும் எடுபடாது, நோயாளி பேச்சும் எடுபடாது.

வயிற்றைத் திறந்து எடுப்பது அதற்கும் பிந்தியது. 1843-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே, சினைப்பைக் கட்டி என்று எண்ணித் திறந்து, கருப்பைக் கட்டியாக இருக்கக் கண்டு எடுத்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1853-ல் அமெரிக்காவில் லோவல் ஊரில் பர்ன்ஹாம் செய்த அறுவையில்தான் நோயாளி உயிர் தப்பினாள். பத்தாண்டு கழித்து, 1863-ல், பிரான்சின் ஸ்திராஸ்பூரில் கொபெர்லே வெற்றிகரமாகச் செய்தார். ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியை முதலில் கொண்டுவந்தது யார் என்று அவருக்கும் பாரிஸ் பெயானுக்கும் தகராறே நடந்தது. பெயான் பெயரில் அந்த இடுக்கி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. மயக்க மருந்து, கிருமி நீக்கம், பிறகு ரத்தம் ஏற்றுவது, ஆன்டிபயாடிக் என்று ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் சாவு குறைந்தது.

சாவு குறைந்ததும் அறுவை பெருகியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் சினைப்பையையும் கருப்பையையும் எடுப்பது ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது என்று அங்கேயே கண்டனம் எழுந்தது. எமில் சோலா 1899-ல் வெளியிட்ட 'ஃபெகோந்தித்தே' நாவலில் இதைக் காட்டமாகத் தாக்கியிருக்கிறார். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவள் என்பதால் அதை மூலத்திலேயே படித்தேன். அவருடைய கவலையெல்லாம் பிரான்சில் பிள்ளைப்பேறு குறைகிறதே என்பதுதான். அறுபட்ட பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அவருக்கும் முதல் கவலை இல்லை.

என்னைப் போல் கசிந்தவர்களுக்கு வழி பிறந்த கதை இன்னும் கசப்பானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி ஊரில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் 1845 முதல் 1849 வரை அடிமைப் பெண்கள் மேல் பரிசோதித்துத்தான் ஃபிஸ்டுலாவைத் தைக்கும் முறையைக் கண்டார். அந்தப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றில் குழந்தை சிக்கி வந்த ஓட்டை அது. அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பேர்களை மட்டும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அனார்காவுக்கு முப்பது தடவை அறுவை, மயக்க மருந்து இல்லாமல். கடைசியில் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது மூடிக்கொண்டது. சிம்ஸ் பிறகு ஐரோப்பா போய், பிரெஞ்சுப் பேரரசி எழேனிக்கே வைத்தியம் பார்க்கும் அளவுக்குப் பெயர் பெற்றார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். என் வயிற்றில் போட்ட தையலுக்கு அந்த மூன்று பெண்களும் விலை கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, பெட்சி, லூசி என்ற பெயர்களை எங்கே பார்த்தாலும் ஒரு நிமிஷம் நிற்பேன்.

என் கதைக்கு வருகிறேன். ஐந்து வாரம் கழித்து என் நாத்தனார்தான் என்னை அதட்டி மதராஸுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு வயதான சர்ஜன் சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்தை ஏற்றி, உள்ளே பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு நீலமாக வந்தது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல்தான் எனக்கு ஐந்து வாரம் "சரியாயிடும்" என்று சொல்லியிருந்தார்கள்.

"ஆபரேஷன் நோட்ஸ் எங்கேம்மா?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றுதான். அறுவை சுமுகமாக நடந்தது என்று அதில் ஒரே ஒரு வரி. என் வீட்டுக்காரர் திரும்பிப் போய் நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் கேட்டார். "அதெல்லாம் வெளியில தர்றதில்லை" என்றார்கள். மறுபடி போனபோது, "தேடிப் பார்க்கணும்" என்றார்கள். மூன்றாம் தடவை, "கிடைக்கலை" என்றார்கள்.

வீக்கம் வடிய மூன்று மாதம் காத்திருந்து, மதராஸ் சர்ஜன் ஓட்டையை மூடினார். இரண்டு வாரம் குழாயோடு கிடந்தேன். குழாயை எடுத்த அன்று படுக்கை காய்ந்திருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையை என் மகள் இன்னும் சொல்லிக் காட்டுவாள். ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் நேராகவே கேட்டேன்: "டாக்டர், இது அவங்க செஞ்ச தப்பா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல சர்ஜன் கையிலயும் இது நடக்கும்மா. என் கையிலயும் நடந்திருக்கு. அன்னைக்கு உள்ள என்ன பார்த்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு எழுதியிருந்தா சொல்லிடலாம். எழுதினது இல்லாம நான் எப்படிச் சொல்ல? ஆனா கசியுதுன்னு நீங்க போய் நின்ன அன்னைக்கே பார்த்திருக்கணும். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை."

முப்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கத்தி தவறியதா, என் உடம்பு வாகா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. ஒரு ஓட்டை விழுந்தது விதியாக இருக்கலாம். அதை ஐந்து வாரம் பார்க்காமல் விட்டதும், கடைசியில் தாளே இல்லை என்றதும் விதி இல்லை.

மருத்துவர் தவறினால் சட்டம் என்ன சொல்லும் என்பதிலும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு கிளை எங்கள் புதுச்சேரியிலும் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் செக்ஷனில் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். கோத் சிவில் சட்டத்தின் 1382, 1383-ஆம் பிரிவுகளை மந்திரம் போல் ஒப்பிப்பார். ஒருவன் தன் தவறாலோ கவனக்குறைவாலோ இன்னொருவனுக்குக் கேடு விளைவித்தால் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது அவற்றின் சாரம். இது மருத்துவருக்கும் உண்டா என்ற கேள்வி பிரான்சில் 1835-ல் எழுந்தது. தூரே நுவாருவா என்ற மருத்துவர் ரத்தம் வடிக்கப் போய்க் கைத் தமனியை வெட்டிவிட்டு, பிறகு நோயாளியைக் கவனிக்காமல் விட்டார். கையையே துண்டிக்க வேண்டிவந்தது. மருத்துவர்களை நீதிமன்றம் விசாரிப்பதா என்று அன்றைக்கு மருத்துவ உலகம் கொதித்தது. பாரிஸ் உச்ச நீதிமன்றம் மருத்துவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அடுத்த படி 1936 மே 20. மெர்சியே வழக்கு என்று பெயர். மருத்துவர் குணமாக்கித் தருவேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை, ஆனால் அன்றைய அறிவியலுக்கு ஏற்ற, மனச்சாட்சியோடும் கவனத்தோடும் கூடிய சிகிச்சைக்கு அவர் கட்டுப்பட்டவர் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. விளைவுக்குப் பொறுப்பில்லை, முயற்சிக்குப் பொறுப்பு உண்டு. மதராஸ் சர்ஜன் எனக்குச் சொன்னதும் இதையேதான் என்று பிற்பாடு எனக்குப் பட்டது. 2002 மார்ச் 4-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளி தன் மருத்துவக் கோப்பை நேரடியாகக் கேட்டு வாங்கலாம். யார் மேலும் தவறில்லாமல் கடுமையான விபத்து நேர்ந்தாலும் தேசிய நிதியிலிருந்து ஈட்டுத் தொகை உண்டு. தவறு என்று நிரூபித்தால்தான் பணம் என்றில்லாதபோது, மறைக்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. மருத்துவம் அதில் அடங்குமா என்பது பல ஆண்டு இழுபறி. இந்திய மருத்துவச் சங்கம் கொண்டுபோன வழக்கில் 1995 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை அதில் அடங்கும் என்றது. அன்று நான் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்பது விதி. எனக்கு நான்கு ஆண்டு ஆகிவிட்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலக்கெடு மட்டும் காரணம் இல்லை. 1992-லேயே நான் ஒரு மனுவை ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துவைத்தேன். நான்கு பக்கம். தேதி வாரியாக எழுதியிருந்தேன், அதில் நான் தேர்ந்தவள். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். இது ஊர் முழுக்கத் தெரியணுமா?" என்றார். நானும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. 38 ஆண்டு அரசாங்கத்தில் மற்றவர்கள் மனுக்களுக்கெல்லாம் எண் போட்டுப் பதிவு செய்தவள், என் மனுவுக்கு மட்டும் எண் போடவில்லை.

இங்கே சம்மதம் பற்றிய பெரிய தீர்ப்பு 2008 ஜனவரியில் வந்தது, அதுவும் இந்த அறுவையைப் பற்றித்தான். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், லேப்ராஸ்கோப்பி வழியே உள்ளே பார்ப்பதற்குச் சம்மதித்து மேஜையில் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டுக்கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கு ஆகாது, வயது வந்த பெண்ணுக்காக அவர் தாய் சம்மதிக்க முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கிடைத்த ஈட்டுத் தொகை 25,000 ரூபாய், அதோடு மருத்துவருக்குக் கட்டணமும் இல்லை என்று உத்தரவு. தொகை சிறிது. ஆனால் நாம் கையெழுத்துப் போடும் தாளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

தேவையில்லாமல் எடுப்பது என்ற பாரிஸ் கதை இப்போது நம் நாட்டில் நடக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 3 பேர் கருப்பை இல்லாதவர்கள். ஆந்திராவில் இது 9-ஐ நெருங்குகிறது. மூன்றில் இரண்டு பங்கு அறுவை தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற அறுவையைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு எதிர்வீட்டுப் பெண்ணிடம் முக்கியமானதைச் சொன்னேன். பிரான்சில் அந்தச் சட்டம் வந்த அதே 2002-ல் நம் மருத்துவக் கவுன்சிலும் ஒரு விதி போட்டது. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு காப்பாற்ற வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது சலுகை இல்லை, உரிமை. ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக் கேள், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கு. கேட்பதற்கு நாலே கேள்விதான்: எடுக்காமல் மாத்திரையிலோ வேறு வழியிலோ கட்டுப்படுத்த முடியாதா? சினைப்பையையும் எடுக்கப்போகிறீர்களா, ஏன்? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? வீட்டுக்குப் போனபின் காய்ச்சல், இடுப்பு வலி, கசிவு என்றால் யாரிடம் வர வேண்டும்? அதோடு, நனைந்தால் வெட்கப்பட்டு ஒரு நாள் கூடச் சும்மா இருக்காதே என்றேன்.

அவள் எல்லாவற்றையும் பையனுடைய பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். "இதையெல்லாம் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்களாம்மா?" என்றாள்.

"நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா வேற டாக்டரைப் பாரு."

குறித்த தேதியை அவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகிறோம். எடுக்கத்தான் வேண்டும் என்று அவரும் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும். அப்படியானால் ஒப்புதல் படிவத்தை நான் வரிவரியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து என்று பேச்சு. கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.